நீ திருப்பிக் கேட்ட ஒரு வரி

தம்பி,

நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். அதை என்னால் கொடுக்க முடியவில்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. போனில் பேசினால் பந்தல், சாப்பாடு, ஷாலினியின் புடவை என்று பேசிவிட்டு அம்மாவும் பிள்ளையுமாக வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். எழுதியதில்தான் எல்லா வம்பும் தொடங்கியது என்பது தெரியும். எனக்கு வேறு வழி தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைப்பிதழின் மாதிரியை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்தாய். சாப்பிட்டுக்கொண்டே, அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடலாமா, 'தெய்வத்திரு' என்று போடலாமா என்று கேட்டாய். எதைப் போட்டாலும் அவர் சிரிப்பார் என்றேன். நீ சிரிக்கவில்லை. கை கழுவினாய், தண்ணீர் குடித்தாய், வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினாய். லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ஷாலினி வூட்ல உன் நாடகம் பாக்கணும்ன்றாங்கமா. பாக்கட்டும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடு. அது என்னுது."

சரிப்பா என்றேன். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பதினேழு வயதில் நீ அந்த நாடகத்தைப் பார்த்தாய். அன்றிலிருந்து எட்டு வருடமாக நீ என்றைக்காவது இதைப் பற்றிப் பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பாய், நான் என்ன பதில் சொல்வேன் என்றெல்லாம் மனதுக்குள் எத்தனையோ விதமாக வசனம் எழுதிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அது ஒரு லேஸ் கட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. நான் எழுதி வைத்த எந்த வசனத்துக்கும் இடமே இருக்கவில்லை.

உன் அம்மா எப்படி இந்த நாடக வேலைக்குள் வந்தாள் என்பதை நீ ஷாலினிக்குச் சொல்லியிருக்கிறாயா தெரியாது. திருப்போரூரில் பத்திரம் எழுதுகிற ஆபீசில் எனக்கு டைப்பிங் வேலை. உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் பத்து மணிக்கு நாற்காலியில் இருப்பேன். எதிரே பெஞ்சில் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள் மத்தியானம் வடக்கு எல்லை, தெற்கு எல்லை என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பத்திரத்தில் எல்லைகளை அடித்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் காதில் வாங்குவேன். ஒருவர் சொன்ன வாக்கியம் அன்றைக்கே நோட்டில் ஏறிவிட வேண்டும். ஒரு ராத்திரி போனால் நானே அதைத் திருத்திவிடுவேன், திருத்தினால் உயிர் போய்விடும். இதுதான் என் ஒரே தொழில் ரகசியம். அப்படிச் சேர்ந்ததுதான் முதல் நாடகம். நான்கு சகோதரர்கள் ஒரு மனைக்காக அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அளக்கப் போனால் அது ஏரிக்குள் இருக்கிறது. பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் தாவூத் பாய்தான் அதைப் படித்துவிட்டு, நாலு பேரைச் சேர்த்து மேடையேற்றினார். இன்றைக்கு வரைக்கும் என் நாடகங்களில் சாவு, ஜப்தி, பாகப்பிரிவினை, ஆஸ்பத்திரி என்று நல்லது ஒன்றும் நடக்காது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டி எடுப்பார்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை.

இரண்டாவது நாடகத்தில் உன் அப்பாவை எழுதினேன். சித்திரை மாதத்திலும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு தாம்பரம் ரயிலில் போகிற மனிதர் ஒருவர். குல்லாயைக் கழற்றினால் சளி பிடிக்கும் என்று தன் கல்யாணத்துக்கே அதோடு போவார். மேடையில் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பி, "அது நாந்தான் சார், என்னத்தான் எழுதிகீறா" என்றார். ரயிலில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். இன்டர்வெல்லில் குல்லாயை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார், யாராவது அடையாளம் கண்டுபிடிக்கட்டும் என்று. தம்பி, நான் கெட்டது அங்கேதான். நான் எழுதினால் எழுதப்படுகிறவர்களுக்குச் சந்தோஷம் என்று அவரைப் பார்த்து நம்பிவிட்டேன். அவர் ஒருவர்தான் அப்படி என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் போனது மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய மனிதர் எழுந்திருக்கவில்லை. உனக்குப் பதின்மூன்று வயது. மதுரையிலிருந்து உன் அத்தை வந்து சேரும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று ஃப்ரீசர் பெட்டி வரவழைத்தார்கள். பெட்டி வந்து கூடத்தில் வைத்த கால் மணி நேரத்தில் கரண்ட் போனது. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஜெனரேட்டருக்கு ஒருவர் ஓடினார். அது எந்தப் பக்கத்து உறவு கொண்டுவர வேண்டிய முறை என்று இருவர் சண்டை போட்டார்கள். உன் பெரியப்பா மின்வாரியத்துக்குப் போன் போட்டு, இங்கே ஒருத்தர் சீரியஸா இருக்கார் என்று கத்தினார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டுதான் இருந்தேன், அது பொய்யில்லை. ஆனால் காது வேலை செய்துகொண்டே இருந்தது. பெரியப்பா சொன்னதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று 'இது மேடையில் நிற்கும்' என்றது. கரண்ட் வந்து பெட்டி உறுமத் தொடங்கியதும் நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெட்டி கொண்டுவந்தவரின் சட்டையைத் தொட்டுச் சொன்னாய்.

"அண்ணா, எங்கப்பாவுக்குக் குளிரு ஆவாது. கொஞ்சம் கொறச்சி வைங்க."

மூன்றாம் நாள் பால் தெளிக்க ஆண்களெல்லாம் போனீர்கள். உன் கையில் பால் சொம்பைக் கொடுத்து, வழியில் சிந்தாதே என்று நான்தான் அனுப்பினேன். பெண்கள் குளிக்கப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் நான் நோட்டை எடுத்தேன். நீ அங்கே உன் அப்பாவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாய், நான் இங்கே நீ சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு ராத்திரி போய்விட்டது, மறந்துவிடப் போகிறது என்று பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தாவூத் பாயிடம்கூட இல்லை.

அதிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்ததுதான் 'கரண்ட் எப்ப வரும்'. அந்த வரியை நான் எழுதியபோது ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், சிரிப்பு பாதியில் நின்றுபோகும், அரங்கம் அமைதியாகும் என்று நினைத்தேன். பக்க ஓரத்தில் 'அமைதி' என்றுகூட எழுதி வைத்திருந்தேன். சின்னப் பையன் யாரும் கிடைக்காததால் எங்கள் குழுவின் ஏழுமலை அந்த வேடத்தைப் போட்டார். பஸ் கண்டக்டர், நாற்பது வயது, தொப்பை, அரை டிராயர். அவர் அதைச் சொன்னதும் மண்டபம் இடிந்து விழுந்தது போலச் சிரித்தார்கள். அமைதி வரவே இல்லை. திரைக்குப் பின்னால் நான் 'அமைதி' என்று எழுதிய பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாவூத் பாய் வந்து, "தங்கச்சி, இந்த எடத்த மட்டும் தொடாத. ஜனம் இதுக்குத்தான் இனிமே வரும்" என்றார். தொடவில்லை. அடுத்த ஊரில் அமைதி வரும் என்று பார்த்தேன், அதற்கடுத்த ஊரில் பார்த்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பு குறைந்தால் ஏழுமலையிடம் ஏன் என்று கேட்கிறவளாகவே ஆகிவிட்டேன்.

நீ பார்த்த அன்று மூன்றாவது வரிசையில் இருந்தாய். திரையின் ஓட்டை வழியாக உன்னைப் பார்த்தேன். உன்னைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், நீ மேடையில் இருந்த தொப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாடகம் முடிந்ததும் நீ வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். வேனில் சாமான் ஏற்றும்போது பிளைவுட்டில் செய்த அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தை யாரோ தூக்கினார்கள். நீதான். "கண்ணாடி பத்திரம்" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு நீ கத்தியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நீ ஒழுங்காகத் தூக்கி, ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது இன்னொன்றையும் சொல்கிறேன். நாடகத்தில் அந்தப் பையன் ஒன்றும் அறியாதவன். செத்துப்போனவருக்குக் குளிராது என்பது தெரியாத அப்பாவி, அதனால்தான் சிரிக்கிறார்கள். நீ அப்படி இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். முந்தின நாள் மத்தியானம் நீயும் அப்பாவும் ஃபேனுக்குச் சண்டை போட்டீர்கள். நீ ஐந்தில் வைப்பாய், அவர் எழுந்து ஒன்றுக்குத் திருப்புவார். மூன்றாவது தடவை நீ, "குளிருதுன்னா நீ போய் கூடத்துல படுப்பா" என்றாய். அவர், "சரிதான் நைனா, நீ ஊட்டியில இரு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பெட்டி வைத்தது அதே கூடம், அதே இடம். நீ எல்லாம் தெரிந்துதான் கேட்டாய். அவருக்காக ஒரு தடவையாவது குறைத்து வைக்க வேண்டும் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்திருந்தும் அந்த மத்தியானத்தை நான் நாடகத்தில் சேர்க்கவில்லை. சேர்த்து எழுதிப் பார்த்தேன். சேர்த்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள் என்று தெரிந்தது, எடுத்துவிட்டேன். உன் வாக்கியத்தை நடுவில் அறுத்து, விலைபோகிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீ 'அது என்னுது' என்று சொன்னபோது, மிச்சப் பாதியையும் சேர்த்துத்தான் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது.

அதை எடுத்துவிடலாம் என்று ஒத்திகையில் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. ஏழுமலைக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னாக்கா இது, டயலாக்கையே புடுங்கினா நான் அங்க இன்னாத்துக்கு டிராயர போட்டுகினு நின்னுகினு கீறேன்?"

சும்மா நில்லுங்கள், பெட்டியைப் பாருங்கள், போதும் என்றேன். தாவூத் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி சொன்னா செய்யி ஏழுமலை, பேஜாரு பண்ணாத" என்றார். அவருக்கு உன் நினைவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது. உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்னால் என் ஆபீஸ் பெண்ணின் மாமனார் இறந்து செய்யூருக்குப் போயிருந்தேன். பெட்டியைப் பிளக்கில் சொருகியதும் கூட்டத்தில் ஒருவர் மெதுவாக அந்த வரியைச் சொன்னார். நாலைந்து பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதை யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கு அந்தப் பக்கம் செத்தவரின் மகன் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மாலை போடக்கூடக் கை வரவில்லை.

மாமல்லபுரத்தில் நடந்தது உனக்குத் தெரியும், நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய். கடல் காற்றுக்குத் திரை நிற்கவில்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கருங்குழியிலிருந்து ஷாலினியும் அவள் அப்பா அம்மாவும் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த இடம் வந்தது. ஏழுமலை சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றார். ஒன்பது வருடமாக நான் கேட்ட அமைதி அப்போது வந்தது, தம்பி. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. இதோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு ஆள், ஏழுமலைக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, உதவி செய்கிற குரலில், உன் வரியை ஒரு எழுத்து மாறாமல் எடுத்துக்கொடுத்தார். அதுவரை நாங்கள் போட்ட எந்த நாடகத்திலும் அவ்வளவு பெரிய சிரிப்பு வந்ததில்லை. ஷாலினியின் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் நல்லதுதான் செய்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது. உன் மாமனார் மேடைக்குப் பக்கத்தில் வந்து, அந்தப் பையன் பாத்திரம் பிரமாதம், எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டார். நீ என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாய். நான், "கற்பனைதாங்க" என்றேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் உன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் உன்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அது உன்னுடையது என்பதையும் இல்லாமல் செய்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் உன் மெசேஜ் வந்தது. 'விடுமா. நீ ட்ரை பண்ண.' பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திட்டியிருக்கலாம் நீ.

கல்யாணம் ஆகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உன் நண்பன் ஒருவன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான், கம்பெனி கேன்டீனில் நீ என்னைப் போலவே பேசிக் காட்டுவாயாம், டேபிளே சிரிக்குமாம். எனக்கு வருத்தமில்லை, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக் காட்டு. ஆனால் உனக்கும் அந்தக் காது இருக்கிறது. ஷாலினி நாளைக்குக் கோபத்தில், பயத்தில், தூக்கக் கலக்கத்தில் எதையாவது சொல்வாள். அது வேடிக்கையாக இருக்கும். அதை கேன்டீனுக்கு எடுத்துப் போகாதே. அவள் எதனால் அதைச் சொன்னாள் என்பது அவளிடம்தான் இருக்கும்; கேன்டீனுக்குப் போவது மற்றப் பாதி மட்டும். முதல் தடவை அவள் சிரிப்பாள். உன் அப்பா சிரித்தார். அதை நம்பிவிடாதே.

திருப்போரூர் கல்யாண மண்டபத்துக்கு வரும்போது என் பையில் நோட்டு இருக்காது. அதைச் சத்தியமாகச் சொல்ல முடியும். காதைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை. உன் பெரியப்பா வருவார், பந்தியில் ஏதாவது சொல்வார், எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நாற்பத்தேழு வயதுக்கு மேல் இதை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. நீ தாலி கட்டும்போது நான் அழுதால், அப்போதும் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அழுவேன். இப்படி ஒருத்திதான் உனக்கு அம்மா.

நாடகத்தைப் புத்தகமாகப் போடுகிறவர் முன்னுரை கேட்டு ஒரு மாதமாகிறது. அந்த வரியை எடுத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டேன், அதற்காகத்தானேம்மா புத்தகமே என்றார். இந்தக் கடிதத்தையே முன்னுரையாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. முதல் தடவையாக அச்சுக்குப் போகும் முன் உன்னிடம் கேட்கிறேன். கூட ஒரு பென்சிலும் வைத்து அனுப்புகிறேன். எதை வேண்டுமானாலும் அடி. ஃபேன் சண்டையை அடி, பால் சொம்பை அடி, முழுவதையும் அடித்தால் முழுவதும் போகட்டும். வெளியே போன வரியை மட்டும் என்னால் திருப்பிக் கூப்பிட முடியாது. யார் வாயில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

நாடகத்தில் அந்த வரியைக் கேட்டதும் பெட்டிக்காரர், "இதுல ரெகுலேட்டர் இல்ல தம்பி" என்பார், விளக்கு அணையும். அது நான் எழுதியது. நம் வீட்டுக்கு வந்தவர் அப்படிச் சொல்லவில்லை. நீ சட்டையைத் தொட்டுக் கேட்டதும் உன்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு ஒன்று செய்தார். எல்லோரும் ஜெனரேட்டர் சண்டையில் இருந்தார்கள். பார்த்தது நீயும் நானும்தான். பன்னிரண்டு வருடமாக அதை நான் நோட்டில்கூட எழுதவில்லை. முதலில் எழுதாததற்குக் காரணம், அதில் சிரிப்பு இல்லை என்பதுதான். இப்போது இந்தப் பக்கத்தின் கடைசிக்கு வந்ததும் பேனா தானாக அங்கே போகிறது. எழுதினால் நன்றாக வரும் என்பதும் தெரிகிறது. நான் எழுதவில்லை, தம்பி. அது உன்னுது.

அம்மா